மை முதலா, புடைப்பு முதலா?

வாழ்த்து அட்டை செய்ய உட்காருகிறவர்களில் பலர், நடுவில் வரப்போகும் பூவையோ பறவையையோ வாசகத்தையோ முதலில் முடிவு செய்துவிட்டு, பின்னணியைக் கடைசியில் மிச்சமிருக்கும் வெள்ளையை மறைக்கும் வேலையாகத் தள்ளிவிடுகிறார்கள். நான் பின்னணியிலிருந்தே தொடங்குகிறேன். மையால் நிறமேற்றி, புடைப்பால் மேடுபள்ளம் கொடுத்த ஒரு தாள் நன்றாக அமைந்துவிட்டால், அதன்மேல் ஒரு வரி வாழ்த்தைத் தவிர வேறெதுவும் தேவைப்படுவதில்லை. அது அமையாதபோது எத்தனை பூக்களை வெட்டி ஒட்டினாலும் அட்டை தேறுவதில்லை. எந்த மை வாங்கலாம், எந்த டிசைன் வாங்கலாம் என்ற கேள்விகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: மை முதலில் வரவேண்டுமா, புடைப்பு முதலில் வரவேண்டுமா? தாளும் நிறமும் டிசைனும் ஒன்றாகவே இருந்தாலும், இந்த வரிசையை மாற்றினால் அட்டையின் குணமே மாறிவிடுகிறது.

எம்பாஸிங் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு வெவ்வேறு வேலைகளை. முதலாவது, தாளையே அழுத்திப் புடைக்க வைப்பது. எம்பாஸிங் ஃபோல்டர் என்பது ஓர் ஓரத்தில் இணைந்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றில் மேடாக இருக்கும் கோடு மற்றொன்றில் அதே இடத்தில் பள்ளமாக இருக்கும். இடையில் தாளை வைத்து உருளை இயந்திரத்தில் செலுத்தினால், மேடு தாளைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுகிறது. இயந்திரம் இல்லாதவர்கள் வெளிச்சம் வரும் கண்ணாடிமீது ஒரு ஸ்டென்சிலை ஒட்டி, அதன்மேல் தாளைக் கவிழ்த்துப் போட்டு, முனையில் சிறு குண்டு உள்ள எழுதுகோலால் ஓரங்களை வருடியே இதைச் செய்துவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது கையின் வசத்திலேயே இருக்கும். இரண்டாவது வகையில் தாள் வளைவதே இல்லை. பசைத்தன்மையுள்ள மையில் ஸ்டாம்ப் பதித்து, அதன்மேல் நுண்ணிய பிசின் பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கித் தாளின்மேல் ஒரு மேட்டை எழுப்புகிறோம். முகவரி அட்டைகளிலும் அழைப்பிதழ்களிலும் விரலில் தட்டுப்படும்படி அச்சிடப்படும் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்தப் பவுடர் முறையிலேயே ஆனவை. ஒன்று தாளுக்குள்ளிருந்து வரும் மேடு, மற்றொன்று தாளின்மேல் அமரும் மேடு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மையோடு இவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியும்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னணியின் வெற்றி தோல்வி பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. மடிக்கும் அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான தாள் தேவை. பின்னணியைத் தனித் தாளில் செய்து பிறகு ஒட்டுவதே நல்லது. அட்டையின் முகப்பிலேயே நேராகப் புடைத்தால், அதன் பள்ளங்கள் உள்பக்கத்தில் தெரியும், எழுத உட்காரும்போது பேனா அவற்றில் இடறும். 105 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ6 அட்டைக்கு, 95க்கு 138 அளவில் பின்னணித் தாளை வெட்டினால் நான்கு புறமும் 5 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் நிற்கும். மையை ஈரமாகக் கையாளப் போகிறோம் என்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளே ஏற்றது. அதிலும் மேற்பரப்பு வழவழப்பாக உள்ள வகையில் ஸ்டாம்ப் தெளிவாக விழும், சொரசொரப்பான வகையில் மையின் ஓட்டம் அழகாக இருக்கும். உலர்ந்த மையைத் தேய்த்து ஏற்றுவதாக இருந்தால், கனமான வழவழப்புத் தாளுக்கு இணை கிடையாது.

தாள் இயந்திரத்தில் ஓடித் தயாராகும்போது அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு திசையில் அது எளிதாக இணங்குவதையும் மறு திசையில் முரண்டு பிடிப்பதையும் கை உணரும். இணங்கும் திசையிலேயே மடிப்பு விழவேண்டும்; எதிர்த் திசையில் மடித்தால் நிறமேற்றிய தாளின் முதுகு வெடித்து வெள்ளை நூல்கள் தெரியும். புடைப்புக்கும் இந்த இழைகளே பொறுப்பு. ஆழமான டிசைனில் உலர்ந்த தாளைச் செலுத்தினால் கூரிய முனைகளில் அது கிழியும். செலுத்துவதற்கு முன் மிக மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து, அரை நிமிடம் பொறுத்தால், ஈரம் இழைகளுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்தி அவற்றை நீள விடுகிறது. மீண்டும் உலரும்போது அந்தப் பிணைப்புகள் புதிய வடிவத்திலேயே இறுகிக்கொள்வதால் மேடும் நீடித்து நிற்கிறது. இந்த அரை நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

மைகளில் இரண்டை அறிந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். டை இங்க் எனப்படும் சாய மை தாளின் இழைக்குள் இறங்கி, ஒளி ஊடுருவும் நிறமாக, விரைவில் உலர்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் கீழ் நிறம் மேல் நிறத்தின் வழியாகத் தெரியும், ஆனால் வெயிலில் மங்கும். பிக்மென்ட் இங்க் எனப்படும் நிறமி மை தாளின்மேலேயே தங்கி, மெல்ல உலர்ந்து, ஒளியைத் தாங்கி நிற்கிறது. மெல்ல உலர்வதால்தான் பவுடரைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. பின்னணிக்கு நிறமேற்ற சாய மை, புடைப்புக்குப் பிடிமானம் தர நிறமி மை அல்லது நிறமற்ற பசை மை என்பதே என் வழக்கம்.

சாய மையைத் தேய்த்து ஏற்றும் முறையில் பொறுமைதான் முழு வித்தையும். ஸ்பாஞ்சிலோ மெல்லிய மயிர்களுள்ள பிரஷிலோ மையைத் தொட்டு, தாளுக்கு வெளியே விரிப்பின்மீதே வட்டமாகச் சுழற்றத் தொடங்கி, அந்தச் சுழற்சி நிற்காமலேயே தாளுக்குள் நுழைய வேண்டும். தாளின்மேல் நேராகக் கையை வைத்தால் அந்த முதல் தொடுகை கருவட்டமாகப் பதிந்துவிடும், பிறகு அதை எதனாலும் அழிக்க முடியாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போவதும், இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் வெளிர் நிறத்தை மீண்டும் ஒருமுறை கொண்டுவந்து தடவுவதும் நிறமாற்றத்தை மென்மையாக்கும். மஞ்சள், பச்சை, நீலம் என்று அருகருகே உள்ள நிறங்கள் சந்தித்தால் தெளிவாக இருக்கும். ஆரஞ்சும் நீலமும், மஞ்சளும் ஊதாவும், சிவப்பும் பச்சையும் ஈரத்தில் சந்தித்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். அந்த எதிர் நிறங்கள் இரண்டும் வேண்டுமென்றால், முதல் நிறத்தை முழுக்க உலரவிட்டு இரண்டாவதை ஏற்ற வேண்டும்.

ஈர முறை இதைவிட விளையாட்டானது. வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பில் மைப்பெட்டியை அழுத்தித் தேய்த்து, தண்ணீர் தெளித்தால், நிறம் சிறு மணிகளாகத் திரளும். அவற்றின்மேல் தாளைக் கவிழ்த்து எடுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், மிச்சமிருக்கும் மணிகளில் மீண்டும் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் உலர்த்தியதால்தான் கறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவான விளிம்போடு நிற்கின்றன. தண்ணீரோடு வினைபுரியும் சாய மைகளில், உலர்ந்த நிறத்தின்மேல் விரலால் நீர்த்துளிகளைச் சொட்டி, சில நொடிகள் பொறுத்துத் துணியால் ஒற்றி எடுத்தால், துளி விழுந்த இடமெல்லாம் வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த வளையம் நிற்கும். வேறெந்த உத்தியைவிடவும் இந்த வெளிறிய துளிகள்தான் ஒரு பின்னணிக்கு உயிர் கொடுக்கின்றன என்பேன்.

இனி வரிசைக்கு வருவோம். மையை முதலில் ஏற்றி, நன்றாக உலர்த்தி, பிறகு ஃபோல்டரில் செலுத்தினால், நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக இருக்கும். புடைப்பைக் காட்டுவது நிழல் மட்டுமே. நேர் வெளிச்சத்தில் இந்தப் பின்னணி ஏறக்குறையத் தட்டையாகவே தோன்றும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்தால், ஒவ்வொரு கோட்டின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் எழுந்து டிசைன் முழுதும் வெளிப்படும். அடக்கமான அட்டைகளுக்கு, குறிப்பாக இரங்கல் தெரிவிக்கவோ நோயிலிருந்து மீள்பவருக்கு அனுப்பவோ செய்யும் அட்டைகளுக்கு, நான் தேர்ந்தெடுப்பது இந்த வரிசையைத்தான். இங்கே ஒரு சிக்கல் உண்டு: புடைப்புக்காகத் தெளிக்கும் தண்ணீர் ஏற்றிய சாயத்தில் புள்ளிகளை உண்டாக்கும். ஆகவே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மட்டுமே தெளிக்க வேண்டும். புடைத்த பிறகு மிக நுண்ணிய உப்புத்தாளால் மேடுகளின் உச்சியை மட்டும் இலேசாக வருடினால், மேலோட்டமாகப் படிந்த மை அகன்று அடியிலுள்ள வெள்ளை வெளிவரும். நீண்ட காலம் கைபட்டுத் தேய்ந்த பழைய பொருளின் அமைதி அந்தத் தாளுக்கு வந்துவிடும்.

புடைப்பை முதலில் செய்து, மையைப் பிறகு கொடுத்தால் நேர் எதிர்க் குணம் கிடைக்கும். மைப்பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, புடைத்த தாளின்மீது எடையே இல்லாமல் வழுக்கிச் செல்ல விட்டால், மேடுகளின் உச்சி மட்டும் நிறத்தை வாங்கிக்கொள்ளும், பள்ளம் வெள்ளையாகவே இருக்கும். டிசைன் உரக்கப் பேசும். எந்த வெளிச்சத்திலும் தெரியும். இதில் கையின் அழுத்தம்தான் எல்லாம். சற்றே அழுத்தினாலும் மைப்பெட்டியின் மெத்தை பள்ளத்தில் இறங்கி, கூர்மை போய்விடும். மெத்தை கெட்டியாக உள்ள மைப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும், தாளின் ஒரு மூலையில் பலமாகத் தொடங்கி எதிர் மூலைக்குப் போகப்போக நிறத்தைக் கரைந்துபோகச் செய்வதும் எனக்குப் பிடித்தவை. முழுத் தாளிலும் ஒரே அளவாக மேடுகளுக்கு நிறம் கொடுத்தால், சுவர்த்தாளின் துண்டைப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

மூன்றாவது வழியில் மையும் புடைப்பும் ஒரே நொடியில் நடக்கின்றன. ஃபோல்டரின் உள்பக்கத் தகடு ஒன்றில் ரப்பர் உருளையால் மெல்லிய மைப்பூச்சு கொடுத்து, தாளை வைத்து மூடி, இயந்திரத்தில் செலுத்த வேண்டும். எந்தத் தகட்டில் பூசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளமுள்ள தகட்டின் சமதளத்தில் பூசினால், தாளின் பின்புலம் நிறமாகி, அதிலிருந்து எழும் டிசைன் வெள்ளையாக நிற்கும். மேடுள்ள தகட்டின் மேடுகளில் மட்டும் பூசினால், வெள்ளைத் தாளுக்குள் நிறமுள்ள கோடுகள் அமிழ்ந்து, ஈய எழுத்துகளை அழுத்தி அச்சடித்த பழைய புத்தகப் பக்கத்தின் தோற்றம் வரும். பூச்சு கனமானால் மை பள்ளத்தில் வழிந்து கோடுகளை மொட்டையாக்கும். உருளையை முதலில் ஒரு வீண் தாளில் ஓட்டி மையைக் குறைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் ஃபோல்டரை ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலைகளில் தங்கிய நிறம் அடுத்த தாளில் அழையாமல் வந்து நிற்கும். மூன்று வழிகளில் இதைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் நிறத்தின் எல்லையும் மேட்டின் எல்லையும் ஒரே கோட்டில் விழுகின்றன. எவ்வளவு கவனமான கையாலும் பிறகு வந்து அந்த ஒற்றுமையை வரைய முடியாது.

எந்த வழியானாலும், தாளின் பின்பக்கத்தில் மைகளின் பெயரையும் வரிசையையும் பென்சிலால் குறித்து வைக்கிறேன். ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியாத இடம் அது. ஒட்டாமல் மிஞ்சும் தாள்கள் அடுத்த வேலைக்கு வழிகாட்டியாகும்.

பவுடர் முறையில் வரிசை இன்னும் கண்டிப்பானது. சாய மை ஏற்றிய தாளில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்தாலும் பவுடர் கண்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மை முதலில் என்றால், தாள் முற்றிலும் உலர்ந்த பிறகு, மேற்பரப்பை நிலைமின்சாரம் நீக்கும் பொடிப்பையால் இலேசாக ஒற்றிவிட்டுத்தான் ஸ்டாம்ப் பதிக்க வேண்டும். பவுடரைத் தாராளமாகக் கொட்டி, தாளைச் சாய்த்து, பின்பக்கம் விரலால் சுண்டினால் வேண்டாதது உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைத் திரும்பப் புட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். ஹேர் டிரையர் இதற்குப் பயன்படாது: அதன் காற்று பலமானது, சூடு போதாது, உருகுவதற்கு முன்பே பவுடர் பறந்துவிடும். கடும் சூடான காற்றை வீசும் ஹீட் கன் என்ற கருவியைத் தாளிலிருந்து தள்ளிப் பிடித்துச் சில நொடிகள் சூடேற்றிய பிறகே டிசைன் பக்கம் திருப்ப வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. மணல்போல் மங்கலாகக் கிடக்கும் பவுடர், ஒரு கணத்தில் ஒரு முனையிலிருந்து ஈரம் பட்டதுபோல் பளபளக்கத் தொடங்கி, அந்தப் பளபளப்பு கோட்டின் வழியே ஓடிச் செல்லும். ஓடும் வேகத்துக்குக் கையும் நகர வேண்டும். பளபளத்த இடத்திலேயே சூட்டை நிறுத்தினால் பிசின் தாளுக்குள் இறங்கி, மேடு தணிந்து, எண்ணெய் பட்ட தடம்போல் ஆகிவிடும்.

பவுடர் முதலில், மை பிறகு என்று மாற்றினால் அது ஒரு தடுப்புச் சுவராக வேலை செய்கிறது. வெள்ளைத் தாளில் நிறமற்ற பவுடரால் டிசைனை உருக்கி, அதன்மேல் சாய மையைத் தயக்கமின்றித் தேய்க்கலாம். பிசினுக்குள் சாயம் இறங்காது, மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்தால் கோடுகள் வெள்ளையாகப் பளிச்சிடும். இன்னும் ஒரு படி போக விரும்புகிறவர்கள், அதன்மேல் ஒரு மெல்லிய வெற்றுத்தாளை வைத்து நீராவியில்லாத இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், பிசின் உருகி அந்த வெற்றுத்தாளுக்குப் போய்விடும். மிஞ்சுவது மேடும் இல்லாத, பளபளப்பும் இல்லாத, நிறத்தின் நடுவே வெள்ளையாக நிற்கும் டிசைன். துணியில் மெழுகைத் தடவிச் சாயமிட்டுப் பிறகு மெழுகை நீக்கும் பாத்திக் வேலையின் அதே தத்துவம்தான் இது. புடைப்பைச் செய்து அதையே நீக்குவது வீண் வேலையாகத் தோன்றலாம்; ஆனால் தூரிகையால் வரைந்த எந்த வெள்ளைக் கோட்டுக்கும் அந்தத் துல்லியம் வராது.

இவ்வளவும் கைவந்த பிறகு எழும் ஆசை, தாள் முழுவதையும் நிரப்பிவிடுவது. அந்த இடத்தில்தான் விரல்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். லூயி பிரெய்ல் 1829இல் வெளியிட்ட எழுத்துமுறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகளுக்குமேல் இல்லை. புள்ளியின் உயரம் இன்று சுமார் அரை மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய மேட்டை விரல் பிரித்தறிவதற்குக் காரணம், அதைச் சுற்றி வழவழப்பான வெற்றிடம் இருப்பதுதான். எல்லாப் பக்கமும் மேடாக இருக்கும் தாளில் விரலுக்கு ஒரே சொரசொரப்புத்தான் கிடைக்கும், டிசைன் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் காதலர் தின அட்டைகளைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சரிகைபோல் நுணுக்கமாகப் புடைத்த வேலைப்பாட்டை ஓரங்களில் நிறுத்திவிட்டு, நடுப்பகுதியைப் படத்துக்கும் வாசகத்துக்கும் விட்டுவைத்தார்கள். ஃபோல்டரின் டிசைன் முழுத் தாளுக்கும் இருந்தாலும், தாளை முழுவதுமாக உள்ளே நுழைக்காமல் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்தி, மீதியைச் சமதளமாக விட முடியும். அந்தச் சமதளத்தின் ஓரத்தில் மையும் மெல்லக் கரைந்து வெள்ளையாகிவிட்டால், வாழ்த்து வரிக்கு வேறு சட்டம் தேவையில்லை. பார்வை குறைந்தவருக்கு அனுப்பும் அட்டையில் நிறத்தைக் குறைத்து, ஒரே ஒரு இலையையோ பூவையோ ஆழமாகப் புடைத்து, சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுகிறேன்.

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புடைத்த தாளின் பின்பக்கமும் மேடுபள்ளமாக இருப்பதால், அகலமான டேப் அங்கங்கே மட்டுமே பிடிக்கும். மெல்லிய முனையுள்ள புட்டியிலிருந்து திரவப் பசையைத் தாழ்ந்த இடங்களில் கோடாக இட்டு, கையால் அழுத்தித் தேய்க்காமல், ஓரங்களை மட்டும் விரலால் பிடித்து உலரவிடுங்கள். கனமான புத்தகத்தை மேலே வைத்தால் அழுத்திப் புடைத்த மேடுகள் தணிந்துவிடும். இதற்கு மாறாக, பவுடரை உருக்கிய சூட்டில் வளைந்துபோன தாளுக்குப் புத்தகத்தின் எடை நன்மையே செய்யும், ஆனால் அதை ஒட்டுவதற்கு முன்பே வைக்க வேண்டும்.

ஏ6 அட்டைக்கு 114க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறை பொருந்தும். ஃபோம் டேப்பால் உயர்த்திய அட்டை அதற்குள் இறுக்கமாக அமர்ந்து, ஓரங்களில் உரசிக் கிழியும் என்பதால், அப்படிப்பட்ட அட்டைகளுக்கு ஒரு அளவு பெரிய உறையை எடுத்துக்கொள்கிறேன். தபால் பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகள் அழுத்துவதைத் தாங்க, புடைப்பின் முகத்துக்கு எதிரே ஒரு தடித்த அட்டைத் துண்டையும் உறைக்குள் வைத்துவிடுவது நல்லது. அனுப்பும் நாள் வரையில் முடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. ஒரு பெட்டியில், நேர் வெயில் படாத அலமாரியில், புத்தகங்களை வைப்பதுபோல் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் மேடுகளும் சாயமும் அப்படியே இருக்கும்.